சுவர் என்று கையெழுத்துப் போட்டவர்

அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் 'லிட்டில் சைகோன்' என்று ஒரு பகுதி இருக்கு. 1975இல் வியட்நாம் போர் முடிந்ததும் நாட்டை விட்டு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நிறையப் பேர். பேரப்பிள்ளைகளில் பலருக்கு வியட்நாமிய மொழி அரைகுறையாகத்தான் வரும். பாட்டி பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். (இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நம்மில் பலருக்கு இது புதுசு இல்லை.) ஆனால் வருஷத்தில் ஒரு நாள், 'தெட்' என்கிற அவர்களுடைய புத்தாண்டு அன்றைக்கு, அந்தக் குட்டிகள் எல்லாரும் ஒரே மாதிரி உடையில் நிற்பார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் மெல்லிய நீளச் சட்டை, இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் திறப்பு, உள்ளே தொளதொள கால்சட்டை, பையன்கள் தலையில் வட்டமாகச் சுற்றிய ஒரு தலைப்பாகை. அதைப் போட்டுக்கொண்டு தாத்தா பாட்டி முன்னால் கையைக் கட்டி நின்று, மனப்பாடம் பண்ணிய வாழ்த்தைச் சொன்னால் சிவப்பு உறையில் காசு கிடைக்கும்.

அந்த உடைக்குப் பெயர் ஆவ் ஸாய். தெற்கு வியட்நாமில் ஆவ் யாய் என்பார்கள். நேராகச் சொன்னால் 'நீளச் சட்டை', அவ்வளவுதான் அர்த்தம். மொழி பாதி போய்விட்ட வீடுகளிலும் இந்த உடை மட்டும் போகவில்லை. பிள்ளைக்கு முதன்முதலில் நம்ம ஊர் என்று ஒன்று இருப்பது தெரிவதே பல வீடுகளில் இதன் மூலமாகத்தான். அம்மா பட்டன் போட்டுவிடும்போது இது நம்ம முன்னோர் போட்ட உடை என்று சொல்லித்தான் போட்டுவிடுவாள்.

அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, 1934இல் ஹனோய் நகரத்தில் காலேஜ் முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காத ஒரு பையன் போட்ட டிசைன். அப்போது அவனைத் திட்டியவர்கள் சொன்ன குற்றச்சாட்டு என்ன தெரியுமா? முன்னோர் உடையைக் கெடுக்கிறான் என்பது. அந்தப் பையனுடைய கதைதான் இது.

பெயர் நுயென் காட் துவோங். 1912இல் ஹனோய்க்கு மேற்கே இருக்கிற சோன் டே என்ற ஊரில் பிறந்தார். 'காட் துவோங்' என்றால் மங்களம், சுபம். நம்ம ஊரில் மங்களம் என்று பெயர் வைக்கிற மாதிரி. அப்போது வியட்நாம் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1925இல் பிரெஞ்சு ஓவியர் விக்டோர் தார்தியூவும் வியட்நாமிய ஓவியர் நாம் சோனும் சேர்ந்து ஹனோயில் ஒரு நுண்கலைக் கல்லூரி ஆரம்பித்தார்கள். ஐந்து வருஷப் படிப்பு. காட் துவோங் 1928இல் அங்கே சேர்ந்து 1933இல் வெளியே வந்தார்.

அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வரி சொல்லியாகணும். ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியமும் உடல் அமைப்பும் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே உள்ளூர் அரக்கு வேலையையும் பட்டு மேல் வரைவதையும் எடுத்துக்கொண்டு புதுசாக ஏதாவது பண்ணச் சொன்னார்கள். பழசை அப்படியே காப்பி பண்ணாதே, பிரான்ஸையும் அப்படியே காப்பி பண்ணாதே என்பதுதான் அங்கே காற்றில் இருந்த பாடம். மற்றவர்கள் அந்தப் பாடத்தைப் பட்டில் வரைந்த படங்களில் காட்டினார்கள். காட் துவோங் அதைப் பட்டில் தைத்த சட்டையில் காட்டினார்.

அதே நேரத்தில் ஹனோயில் ஒரு வாரப் பத்திரிகை சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. பெயர் 'ஃபோங் ஹ்வா'. பிரான்ஸில் படித்துத் திரும்பிய ஞாத் லின் என்ற எழுத்தாளர் 1932இல் அதைக் கையில் எடுத்து, நாட்டிலேயே முதன்மையான நையாண்டிப் பத்திரிகையாக மாற்றினார். அவரும் நண்பர்களும் 'சுயபல இலக்கியக் குழு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். கவர்மென்ட் உதவியோ பெரிய மனுஷன் தயவோ வேண்டாம், நம்ம கையால் எழுதி நாமே அச்சடிப்போம் என்கிற கூட்டம். கட்டாயக் கல்யாணம், மாமியார் கொடுமை, கிராமத்துப் பெரியவர்களின் வெட்டிப் பெருமை எல்லாவற்றையும் கிண்டல் பண்ணினார்கள். அவர்களுடைய கார்ட்டூனில் லீ துவெட் என்று ஒரு கிழவர் வருவார். பழைய நீளக் கோட்டும் தலைப்பாகையும் கையில் குடையுமாக நகரத்துக்கு வந்து, பார்ப்பதை எல்லாம் தப்பாகப் புரிந்துகொள்வார். கவுண்டமணி செந்தில் காமெடி மாதிரி ஊரே அவரைச் சொல்லிச் சிரித்தது. பழைய உடை என்றாலே ஜோக் என்கிற நிலைமை வந்துவிட்டது. அந்தப் பத்திரிகையில்தான் காட் துவோங் படம் வரையப் போனார்.

1934இல் தெட் பண்டிகைச் சிறப்பிதழ். அதில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்தது. எழுதி வரைந்தவர் காட் துவோங், வயசு இருபத்திரண்டை ஒட்டி. படங்களுக்குக் கீழே அவர் போட்ட கையெழுத்து 'லெமூர்'. (மடகாஸ்கர் படத்தில் ஆடுகிற லெமூர் இல்லைங்க.) வியட்நாமிய மொழியில் 'துவோங்' என்ற ஓசைக்குச் சுவர் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. சுவரைப் பிரெஞ்சில் 'ல ம்யூர்' என்பார்கள். மங்களம் என்று அப்பா அம்மா வைத்த பெயரை எடுத்து, சுவர் என்று மாற்றி, பிரெஞ்சில் எழுதி, ஒரே சொல்லாக ஒட்டி வைத்துக்கொண்டார். அவர் டிசைன் பண்ணிய உடையும் கிட்டத்தட்ட இதே ரூட்தான்.

இங்கே பழைய உடை எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டுப் போவோம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், ஏன்னா இது கொஞ்சம் மெக்கானிக்கல் விஷயம்.

கைத்தறியில் நெய்த துணி அகலம் குறைவு. ஒரு துண்டு ஒரு ஆளுடைய முன்பக்கத்தை மூடாது. அதனால் முன்னால் இரண்டு துண்டு சேர்த்து நடுவில் ஒரு தையல், பின்னால் இரண்டு துண்டு சேர்த்து நடுவில் ஒரு தையல், முன்பக்கத்துக்கு உள்ளே மறைவாக ஒரு சின்னத் துண்டு. மொத்தம் ஐந்து. 'ஐந்து துண்டுச் சட்டை' என்றே அதற்குப் பெயர். நான்கு துண்டும் தன்னைப் பெற்றவர்களும் துணையைப் பெற்றவர்களும், ஐந்தாவது துண்டு உடுத்தியிருக்கும் ஆள் என்று அழகாக ஒரு விளக்கமும் சொல்வார்கள். தறியின் அகலம்தான் முதல் காரணம், தத்துவம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோணுது. ஆனால் அந்தத் தத்துவத்தை நம்பித் தைத்துப் போட்டவர்களுக்கு அது உண்மைதானே.

அந்த ஐந்து துண்டும்கூட ஆதிகாலத்து விஷயம் இல்லை. 1744இல் ஹுவே நகரத்தில் ஆண்ட நுயென் ஃபுக் க்வாத் என்ற அரசர், வடக்கில் ஆண்ட எதிரிகளிடமிருந்து தன் ஜனங்கள் தனியாகத் தெரியணும் என்பதற்காக, எல்லாரும் பட்டன் வைத்த மேல்சட்டையும் கால்சட்டையும் போடணும் என்று உத்தரவு போட்டார். பிறகு 19ஆம் நூற்றாண்டில் மின் மாங் பேரரசர் வடக்கில் இருந்த பெண்களும் பாவாடையை விட்டுக் கால்சட்டைக்கு மாறணும் என்றார். வடக்குக் கிராமத்துப் பெண்கள் அந்த உத்தரவைக் கிண்டல் பண்ணிப் பாட்டே கட்டினார்கள். ஆக, லெமூர் கை வைப்பதற்கு முன்னாலேயே இந்த உடை இரண்டு தடவை மேலிருந்து வந்த உத்தரவால் மாறியிருந்தது. லெமூர் கையில் உத்தரவு போடுகிற அதிகாரம் எதுவும் இல்லை. பென்சில் இருந்தது, வாராவாரம் ஒரு பக்கம் இருந்தது.

1930களில் மில் துணி வந்துவிட்டது, அகலமான துணி. (சைகோனில் துணி வியாபாரம் பண்ணியவர்களில் காரைக்கால், பாண்டிச்சேரிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. ஹனோயின் பட்டுத் தெருவிலும் இந்தியர் துணிக்கடைகள் இருந்தன.) அகலத் துணி இருக்கும்போது எதுக்கு நடுவில் தையல் என்று லெமூர் கேட்டார். முன்னால் ஒரே துண்டு, பின்னால் ஒரே துண்டு. இன்றைக்கு நாம் பார்க்கிற ஆவ் ஸாயின் இரண்டு பறக்கும் தலைப்புகள் அங்கேதான் பிறந்தன.

அடுத்து உடம்பு. பழைய உடை உடம்பின் வடிவத்தை மறைப்பதற்காகவே தொளதொளவென்று இருந்தது. பெண்கள் மார்பை ஒரு துணியால் இறுக்கிக் கட்டி அழுத்தி வைப்பார்கள். லெமூர் சட்டையை மார்புக்கும் இடுப்புக்கும் ஏற்ப வெட்டினார். பட்டன்களை ஒரு பக்கத் தோளிலும் விலா ஓரத்திலும் கொண்டுபோனார். கழுத்தைத் திறந்தார், இதய வடிவத்தில் ஒன்று, மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் வைத்த காலர் ஒன்று என்று வகை வகையாக வரைந்தார். கைக்குப் பஃப் வைத்தார். நம்ம அம்மாக்கள் போட்ட அதே பஃப் கை ஜாக்கெட்தான். கருப்பும் பழுப்பும் போதும், வெளிர் நிறம் போடுங்கள் என்றார். வெள்ளைச் சாட்டின் கால்சட்டை, உயரக் குதிகால் செருப்பு, கையில் ஒரு கைப்பை. ஓரத்தில் அலை அலையாக வெட்டு.

வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு நாடு எந்த அளவுக்கு யோசிக்கிறது என்பது அதன் ஜனங்கள் உடுத்துவதில் தெரியும் என்பது அவருடைய வாதம். உடை நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்து வரணும், வேலை பார்க்க வசதியாக இருக்கணும், உடம்புக்குப் பொருந்தணும், அப்புறம் நம்முடையது என்று அடையாளமும் தெரியணும். இந்த நான்கும் வந்தால்தான் அது நல்ல டிசைன் என்பது அவர் எழுதியதன் சாரம். நம்ம டிசைன் பேப்பரில் முதல் யூனிட்டில் வருகிற விஷயம் மாதிரி இல்லை? அவரும் அதை இப்படித்தான் வரிசையாக யோசித்தார் என்று எனக்குப் படுகிறது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. அந்தக் காலத்தில் பல்லைக் கருப்பாக்காமல் வெள்ளையாக விடுவதும், வகிடை நடுவில் எடுக்காமல் பக்கவாட்டில் எடுப்பதுமே குடும்ப மானப் பிரச்சினை. அதற்கு மேல் இடுப்பு தெரிகிற சட்டை! பட்டணத்து இளம்பெண்கள் சிலர் உடனே தைத்துப் போட்டார்கள், அவர்களுடைய படங்கள் பத்திரிகையில் வந்தன. பெரியவர்கள் இது பாதிக் கலப்படம், வெள்ளைக்காரி கவுனை நம்ம சட்டையோடு ஒட்டிவைத்த வேலை, மானங்கெட்ட உடை என்றார்கள்.

திட்டியதிலேயே பலமான அடி இன்னொரு எழுத்தாளரிடமிருந்து வந்தது. வு ட்ரோங் ஃபுங், அவரும் 1912இல் பிறந்தவர். 1936இல் தொடராக வந்த அவருடைய நாவல் 'சோ தோ'வில் ஒரு தையல் கடை வருகிறது, பெயரே 'ஐரோப்பியமாதல்'. அங்கே ஒரு டிசைனர். 'நான் பெண்களை நேசிக்கிறேன்' என்பதன் முதல் எழுத்துக்களைச் சேர்த்துத் தனக்குப் பெயர் வைத்திருக்கிறான். ஊரார் பெண்களுக்கெல்லாம் மாடர்ன் உடை தைத்துக் கொடுப்பான். தன் பொண்டாட்டி அதைக் கேட்டால் மட்டும் குதிப்பான். லெமூரை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று வாசகர்கள் அன்றைக்கே பேசிக்கொண்டார்கள்.

நாவல் அருமையான நாவல்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் கேலி குறி தவறிவிட்டது என்பேன். லெமூரின் மனைவி நுயென் தி நோய் அவர் வரைந்த ஆவ் ஸாயைத் தானே போட்டுக்கொண்டவர், அந்தப் போட்டோக்கள் இருக்கின்றன. ஹனோயில் தன் பெயரிலேயே லெமூர் தையல் கடையும் திறந்தார். பத்திரிகையில் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், இஞ்சு டேப்பும் கத்திரியுமாக இறங்கிய ஓவியர்.

இன்னொரு பக்கம், அவருடைய கல்லூரியின் முதல் செட் சீனியர் லெ ஃபோ, லெமூர் டிசைனை எடுத்து அதில் அதிகமாகத் தெரிந்த ஐரோப்பிய அம்சங்களை நீக்கினார். பஃப் போச்சு, சுருக்கக் காலர் போச்சு, பழைய நிமிர்ந்த கழுத்து திரும்ப வந்தது. உடம்போடு பொருந்துகிற வெட்டும் இரண்டு தலைப்பும் அப்படியே நின்றன. எதிர்த்த வீடுகளும் இதை ஏற்றுக்கொண்டன. இன்றைக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பேர் வேலையும் சேர்ந்த வடிவம்தான். தன் டிசைனில் தனக்குப் பிடித்த பஃப் கையை இன்னொருத்தர் வெட்டி எறிந்ததால்தான் மீதி பிழைத்தது என்பது லெமூருக்கு எப்படி இருந்திருக்கும்? டீம் பிராஜெக்ட் பண்ணியவர்களுக்குக் கொஞ்சம் புரியும்.

1943இல் தோ ங்கோக் வான் என்ற ஓவியர் வெள்ளை லில்லிப் பூக்கள் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை வரைந்தார். வியட்நாமில் தெரியாதவர் இல்லாத படம். அந்தப் பெண் போட்டிருப்பது வெள்ளை ஆவ் ஸாய். லெமூரின் முதல் பக்கம் வந்து ஒன்பதே வருஷம். ஒன்பது வருஷத்தில் அவமானம், நாட்டின் அழகு ஆகிவிட்டது.

அதற்குள் காலம் கெட்டுப்போயிருந்தது. ஜப்பான் படை உள்ளே வந்தது. 1945இல் வடக்கில் வந்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியில் செத்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி ஹோ சி மின் சுதந்திரம் அறிவித்தார், பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்ற சந்தேகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்த காலம். ஆடை, நிறம், காலர் என்று பேச யாருக்கும் நேரமில்லை.

1946 டிசம்பர். சண்டை எந்த நிமிஷமும் வெடிக்கும் என்று ஹனோய் காலியாகிக்கொண்டிருந்தது. தங்கிப் போராட முடிவு பண்ணியவர்கள் பழைய நகரத்துத் தெருக்களில் கட்டிலையும் அலமாரியையும் இழுத்துப் போட்டுத் தடுப்பு கட்டினார்கள். லெமூர் குடும்பமும் வெளியே போயிருந்தது. அவர் மட்டும் வீட்டிலிருந்து தேவையானதை எடுத்துவர நகரத்துக்குத் திரும்பினார். அந்தப் பயணத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அவர் திரும்பி வரவே இல்லை. டிசம்பர் 19 ராத்திரி எட்டு மணி சுமாருக்கு மின் நிலையம் தகர்க்கப்பட்டு ஹனோய் முழுக்க இருட்டானது. போர் ஆரம்பித்துவிட்டது. காணாமல் போன ஒரு ஓவியரைத் தேடுவதற்கு அங்கே யாரும் இல்லை. அவருக்கு 34 வயசு. வீட்டில் சின்னப் பிள்ளைகள்.

உடை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே போனார்கள். சைகோன் தையல்காரர்கள் கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் சாய்வாக வெட்டுகிற ராக்லன் கையைச் சேர்த்து, தோளில் விழுந்த சுருக்கத்தைச் சரி பண்ணினார்கள். தெற்கு அதிபரின் தம்பி மனைவி மேடம் நூ காலரையே எடுத்துவிட்டார், அதற்கும் ஊர் திட்டியது. 1975க்குப் பிறகு வறுமையும் துணி ரேஷனும். ஒரு ஆவ் ஸாய்க்குப் போகும் துணியில் வேலைக்குப் போகிற சட்டை தைக்கலாமே என்ற காலம். உடை பெட்டிக்குள் போனது, கடல் தாண்டிப் போனவர்களின் பெட்டிக்குள்ளும் போனது. 1989இல் ஹோ சி மின் நகரத்தில் ஆவ் ஸாய் அழகிப் போட்டி நடந்தபோதுதான் அது நாட்டுக்குள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு மேல்நிலைப் பள்ளிப் பெண்களுக்குப் பல ஊர்களில் வெள்ளை ஆவ் ஸாய் யூனிஃபார்ம் ஆனது. சைக்கிள் செயினில் தலைப்பு மாட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதிக்க அந்தப் பெண்கள் தனியாகப் பழகணும். யூனிஃபார்ம் போடுகிறவர்களுக்கு எப்பவுமே ஒரு தனிக் கஷ்டம் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை. வு ட்ரோங் ஃபுங்கின் அந்த நாவலிலிருந்து ஒரு பகுதியைப் பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் வைத்தார்கள். ஒரு பணக்காரக் கிழவரின் சாவு ஊர்வலம், அதில் தையல் கடைக்காரர்கள் தங்கள் புது டிசைன் துக்க உடைகளை ஊருக்குக் காட்ட இதுதான் சான்ஸ் என்று சந்தோஷப்படுகிற காட்சி. லெமூர் மாதிரி ஆட்களை வெளுத்து வாங்கிய பக்கம் அது. அந்தப் பக்கத்தைப் பல வகுப்பறைகளில் பெண்கள் வெள்ளை ஆவ் ஸாய் யூனிஃபார்மில் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதினார்கள்.

லிட்டில் சைகோன் பிள்ளைகளுக்கு லெமூர் பெயர் தெரிந்திருக்கணும் என்று அவசியம் இல்லை. சேலையை முதலில் மடித்துக் கட்டியது யார் என்று நமக்கு மட்டும் தெரியுமா? ஆனால் ஒரு வீட்டுக்கு இது வேறு மாதிரி. எல்லா வியட்நாமியப் பிள்ளைகளுக்கும் அந்த உடை ஒரு நாட்டைக் காட்டியது என்றால், லெமூரின் பிள்ளைகளுக்கு அது அப்பாவையே காட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்கு அப்பாவின் உடல் கிடைக்கவில்லை, போன நாள் தவிர வந்த நாள் என்று ஒன்று இல்லை. தெருவில் போகிற ஒவ்வொரு பெண்ணின் தோளிலும் விலாவிலும் அப்பா நகர்த்தி வைத்த பட்டன் வரிசை இருந்தது.

பிற்காலத்தில் அவருடைய மகன் அப்பாவைத் தேட ஆரம்பித்தார். ஆளைத் தேட வழியில்லை, அதனால் வேலையைத் தேடினார். பழைய 'ஃபோங் ஹ்வா' இதழ்களில் வந்த படங்கள், கட்டுரைகள், அம்மா வைத்திருந்த போட்டோக்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அப்பாவைப் பற்றி எழுதினார். அந்தப் பழைய இதழ்கள் இப்போது ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் திறந்து பாருங்கள். 1934ஆம் வருஷத்து இதழ்களில் பஃப் கை வைத்த பெண் படம் வரும் பக்கத்தில் நிறுத்துங்கள். படத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், 'லெமூர்' என்று இருக்கும்.